லேஞ்சி போட்ட சீட்

எங்கள் கணினி அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. கதவில் மூன்று மொழிகளிலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். உள்ளே இருந்த சர்வருக்குத் தூசி ஆகாதாம். அதே சர்வரின் தலைமேல் நூல் பின்னல் விரிப்பு ஒன்றைப் போட்டு, விரிப்பின்மேல் பிளாஸ்டிக் ரோசாப் பூச்சாடியும் வைத்திருந்தார்கள். பாவம், அது மூச்சு விடும் துளைகளையெல்லாம் விரிப்பு அடைத்துக்கொண்டிருக்கும். நான் எடுத்து அலுமாரியில் வைப்பேன். மறுநாள் காலை பூச்சாடி பழைய இடத்தில் இருக்கும். செருப்பைக் கழற்றத் தெரிந்த அளவுக்கு மூளையைப் பாவிக்கவும் தெரிந்திருந்தால் அந்த அலுவலகம் எங்கேயோ போயிருக்கும்.

மாத்தளை டவுனில், பிரதான வீதிக்குப் பின்னால் இருந்த பழைய பங்களா அது. சுற்றியிருந்த பல தோட்டங்களை நிர்வகித்த ஒரு கம்பனியின் பிரதேச அலுவலகம். சமாதானம் சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் ஓய்ந்து, திரும்பவும் வீதிக்கு வீதி மணல் மூட்டை அடுக்கத் தொடங்கிய வருடங்களில் நான் அங்கே வேலை செய்தேன். கண்டியில் கணினி டிப்ளோமா முடித்த கையோடு புரோகிராமர் என்ற பெயரில் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டில் பெருமை தாங்கவில்லை. பிள்ளைக்கு ஏசி ரூமில் வேலை என்று அம்மா கோயில் வாசலில் எல்லோரிடமும் சொல்லிவைத்தாள். ஏசி சர்வருக்கு, எனக்கல்ல என்பதை நான் சொல்லவில்லை.

அங்கே என்னுடைய வேலை தொழிலாளர் பதிவு என்ற ஒரு மென்பொருளைப் பராமரிப்பது. எந்தத் தோட்டம், எந்த டிவிசன், வரிசை வீடுகளில் எந்த லயம், அதற்குள் எந்தக் காம்பரா, அதில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்ற விபரமெல்லாம் அதில் இருந்தது. அதை எழுதியவர் கொழும்பிலிருந்து வந்த ஆலோசகர். கழுத்துப் பட்டியோடு வருவார், அன்னாசி வெட்டிவைத்த தட்டோடு வரவேற்பார்கள், கைகுலுக்கிவிட்டுப் போவார். அவரும் தமிழர்தான். என்னிடம் மட்டும் ஆங்கிலத்தில் பேசுவார், எங்கள் முகாமையாளர் துரையிடம் சிங்களத்தில் பேசுவார், தமிழ் எப்போதாவது கோபத்தில் வரும்.

அவர் செய்துவைத்த வேலையை முதன்முதலாகத் திறந்து பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. உறவுமுறைத் தரவுத்தளம் என்பதன் முழுத் தத்துவமும் ஒரு சின்ன விசயம்தான். ஒன்றை ஒரே இடத்தில் ஒரே தடவை எழுது, மற்ற இடங்களில் அதைச் சுட்டிக்காட்டு. ஆட்களுக்கு ஒரு அட்டவணை, காம்பராக்களுக்கு ஒரு அட்டவணை, தோட்டங்களுக்கு இன்னொன்று. ஆள் வீடு மாறினால் ஒரு எண்ணை மாற்றினால் போதும். இவரோ தோட்டத்து ஆபீசில் இருந்த பழைய மட்டை அட்டையை அப்படியே பார்த்து ஒரே ஒரு அட்டவணை செய்திருந்தார். முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை, மூன்றாம் பிள்ளை என்று வரிசையாக நிரல்கள். அட்டையில் ஆறு பிள்ளைகளுக்குத்தான் இடம் இருந்திருக்கிறது போலும், இவரும் ஆறோடு நிறுத்திவிட்டார். ஏழாவதாகப் பிறந்தவர்கள் எல்லாம் 'வேறு குறிப்புகள்' என்ற இடத்தில் கிடந்தார்கள். பசு மாடு, வெட்டுக்காயம், கூரைத் தகரம் ஒழுகுது என்பவற்றோடு சேர்ந்து கிடந்தார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவரின் பெயரைத் தட்டித் தேடினால் பதில் வருவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். காரணம் தேடப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. பதிவு எண்ணுக்கு மட்டும் இன்டெக்ஸ் போட்டிருந்தார், அந்த எண் உலகத்தில் யாருக்கும் தெரியாது. எல்லோரும் தேடுவது பெயரையும் லயத்தையும். அவற்றுக்கு இன்டெக்ஸ் இல்லாததால் சர்வர் ஒவ்வொரு தடவையும் முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வரும். நான் இரண்டு இன்டெக்ஸ் போட்டேன். அதற்கு மட்டும் எனக்கு அனுமதி இருந்தது. விசையை அழுத்தி விரலை எடுக்குமுன் பதில் வந்து நின்றது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தச் சந்தோசத்தைக் கெடுக்கப் பெரிய கிளாக்கர் வந்தார். அலுவலகத்தின் தலைமை எழுதுவினைஞர் அவர். தோட்டத்து வழக்கப்படி எல்லோரும் பெரிய கிளாக்கர் என்றே கூப்பிடுவோம். எங்களைப் போலக் கத்தோலிக்கர், வஹகோட்டை அந்தோனியார் திருவிழாக் கமிட்டியில் முக்கியமான ஆள், நெற்றியில் எப்போதும் ஒரு கவலைக் கோடு. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் திரையைப் பார்த்தார்.

"என்னா புள்ள, இம்புட்டு சுருக்கா வருது? இது ஒழுங்கா தேடியிருக்காது."

"தேடியிருக்கு ஐயா. சரியான ஆள்தானே வந்திருக்கு?"

"ஆள் சரிதான். ஆனா தேடின மாதிரி இல்லையே."

அதற்குப் பிறகு எந்தப் பெயரையும் இரண்டு தரம் தேடவைப்பார். இரண்டு தரமும் ஒரே பதில் வந்தால்தான் மனம் ஆறும். ஒரு கிழமை பொறுத்தேன். பிறகு ஆலோசகரின் நிரலைத் தொடாமல், தேடுவதற்கு மட்டும் நானே தனியாக ஒரு திரை எழுதி, அதில் 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஒரு பெட்டி செய்து, சும்மா கொஞ்ச நேரம் திரையில் நிற்கவிட்டு, அதற்குப் பின் பதிலைக் காட்டும்படி எழுதிக் கொடுத்தேன். "இப்பதான் புள்ள மெசின் வேல செய்யுது" என்றார். என் படிப்பில் நான் கற்ற எதையும்விட அந்தப் பொய்ப் பெட்டிதான் அந்த அலுவலகத்தில் எனக்கு மரியாதை வாங்கித் தந்தது.

சரி, அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விசயம். பூட்டு விசயம் அப்படியல்ல.

ஒரே பதிவை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் குழப்பம் வரும். அதற்காக ஒருவர் திருத்தி முடிக்கும்வரை மற்றவரைக் காத்திருக்கவைக்கத் தரவுத்தளம் பூட்டுப் போடும். ஒரு ஆளைத் திருத்தினால் அந்த ஆளின் வரிசைக்கு மட்டும், அதுவும் சேமிக்கிற கணத்துக்கு மட்டும் போட்டால் போதும். ஆலோசகர் எழுதியிருந்த திரையோ, யாராவது திருத்தவென்று திறந்த உடனேயே மொத்த அட்டவணைக்கும் பூட்டுப் போட்டது. திறந்தவர் மூடும்வரை வேறு யாரும் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. பார்க்கலாம், தொட முடியாது. நான் அவரிடம் சொன்னேன். சில வரிகளை மாற்றினால் போதும், எழுதிக்கூடக் காட்டினேன். அது பாதுகாப்புக்காக வேண்டுமென்றே வைத்த வசதி என்றார். தான் எழுதியது தவறு என்று தெரிந்த ஆண்கள் 'பாதுகாப்பு' என்ற சொல்லை எவ்வளவு வேகமாக எடுக்கிறார்கள் என்பதை அந்த வேலையில்தான் கண்டேன். நிரலின் மூலப் பிரதியும் நிர்வாகக் கடவுச்சொல்லும் அவரிடமே இருந்தன.

அந்த வசதியைக் கண்டுபிடித்து முழுதாக அனுபவித்தவர் பெரிய கிளாக்கர். மாத்தளை பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்து நிற்குமுன் ஜன்னல் வழியாக லேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, எறிந்து சீட் பிடிப்பார்கள், பார்த்திருப்பீர்கள். லேஞ்சி கிடக்கும் சீட்டில் கர்ப்பிணிப் பெண்கூட உட்கார மாட்டாள், அப்படி ஒரு சட்டம். போட்டவர் கீழே இறங்கி வெற்றிலை வாங்கி, சுண்ணாம்பு தடவி, ஆறுதலாக ஏறி வருவார். பெரிய கிளாக்கர் ஒவ்வொரு நாளும் அப்படித்தான் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தவர். அதே பழக்கத்தைக் கணினிக்கும் கொண்டுவந்தார். காலையில் வந்ததும் திருத்தும் திரையைத் திறந்துவைப்பார். திருத்துவதற்கு ஒன்றுமே இருக்காது. திறந்துவைத்துவிட்டு, திரைக்கு அந்தோனியார் படத்தைக் காவல் வைத்து, கடவுச்சொல்லால் பூட்டி, தன் வேலைக்குப் போவார். யாருக்காவது ஏதும் மாற்றவேண்டுமென்றால் அவரிடம் போய் நிற்கவேண்டும். அவர் பெருமூச்சு விட்டு எழும்பி வந்து திரையை மூடுவார். அவர்கள் வேலை முடிந்ததும் மறுபடி திறந்துவைப்பார். நாய் பெற்ற தெங்கம்பழம் என்பார்களே, அதுதான். தானும் உடைத்துத் தின்னாது, அடுத்தவனையும் விடாது.

இதற்குள் துரை ஒரு காரியம் செய்தார். துரை என்றால் எங்கள் பிரதேச முகாமையாளர், முன்பு தோட்டத்தில் பெரிய துரையாக இருந்தவர், சிங்களவர், தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசுவார். அந்தக் காலத்தில் தமிழ்ப் பிள்ளைகள் எங்கே போனாலும் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டு மறிப்பார்கள். அடையாள அட்டை இருந்தாலும் போதாது. இந்த ஆள் இந்தத் தோட்டத்தில் குடியிருப்பவர்தான் என்று தோட்டம் கடிதம் கொடுக்கவேண்டும். அதுவரை அந்தக் கடிதத்தைக் கையால் எழுதி சீல் குத்திக் கொடுத்துக்கொண்டிருந்தோம். கணினி வந்த பெருமையில் துரை சுற்றியிருந்த பொலிஸ் நிலையங்களுக்கெல்லாம் எழுதிப்போட்டார். இனிமேல் எங்கள் கம்பனிக் கடிதங்கள் கணினியிலிருந்து, கணினி இலக்கத்தோடு மட்டுமே வரும், கையால் எழுதியது செல்லாது என்று. கடிதம் அச்சாகும்போது அந்த இலக்கத்தை ஆளின் பதிவில் எழுதும்படி ஆலோசகர் செய்தார். பதிவில் எழுதவேண்டுமென்றால் பூட்டுத் திறந்திருக்கவேண்டும். இந்தக் கணக்கு எனக்கு அன்றே விளங்கியது. சொன்னேன். "மிஸ்ஸுக்கு எல்லாத்துலயும் பிழைதான்" என்று துரை சிரித்தார்.

அன்று காலை நான் அலுவலகத்துக்கு வந்தபோது வாசல் வாங்கில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தவள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள் என்பதால் எனக்கும் அவளைத் தெரியும். கதவில் எழுதியிருந்ததை மதித்துச் செருப்பை வாசற்படியிலேயே கழற்றி, ஒன்றோடொன்று சேர்த்துவைத்திருந்தாள்.

"மிஸ், நம்ம மகன புடிச்சி வச்சிருக்காங்க மிஸ். தம்புள்ளையில மரக்கறி ஏத்தப் போற பய. லொறியில வாற வழியில எறக்கிட்டாங்களாம். மொதலாளி இப்பதான் போன் பண்ணி சொன்னாரு. தோட்டத்துக் கடுதாசி கொண்டாந்தா விட்டுருவாங்களாம்."

"ஐசி இருக்கா அக்கா?"

"இருக்கு மிஸ். அதுல தோட்டத்து அட்ரசும் இருக்கு. அது பத்தாதாம்."

அவள் மகனுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகியிருக்காது. தம்புள்ளைச் சந்தையில் போஞ்சி, கரட் மூட்டைகளைச் சுமந்து ஏற்றும் நாட்டாமை வேலை. மரக்கறி மூட்டைக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டு வந்தவனை எழுப்பி இறக்கியிருக்கிறார்கள்.

"இருங்கக்கா, இப்ப எடுத்துத் தாறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பெயரைத் தட்டினேன், ஆள் வந்தான். பணிய லயம், தொங்கல் காம்பரா, அதாவது கீழ் வரிசையின் கடைசி அறை. கடிதம் என்பதை அழுத்தினேன். மணற்கடிகாரம் வந்தது. அது என் பொய்ப் பெட்டி அல்ல, நிஜமான மணற்கடிகாரம். அது நின்றது, நின்றுகொண்டே இருந்தது. எழும்பிப் போய்ப் பெரிய கிளாக்கரின் மேசையைப் பார்த்தேன். கதிரை காலி. திரையில் அந்தோனியார் குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு மூலை நகர்ந்துகொண்டிருந்தார்.

பெரிய கிளாக்கர் விடியவே வந்து லேஞ்சியைப் போட்டுவிட்டு வஹகோட்டைக்குப் போயிருந்தார். திருவிழாவுக்குப் பந்தல் விசயமாம். போன் பண்ணினேன். பின்னால் யாரோ ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள், ஹலோ ஹலோ என்று.

"ஐயா, உங்க மெசின்ல திரை திறந்திருக்கு. கடிதம் அடிக்க முடியல. பாஸ்வேர்ட சொன்னீங்கன்னா மூடிருவேன்."

"பாஸ்வேர்டெல்லாம் போன்ல சொல்ல ஏலாது புள்ள. அது செக்கியூரிட்டி."

"ஒரு பையன புடிச்சி வச்சிருக்காங்க ஐயா. அம்மா வந்து உக்காந்திருக்காங்க."

"உள்ள இருந்தா பத்திரமா தானே இருப்பான். நான் பகலைக்கு வந்துருவேன். யாரும் என் மெசினத் தொடப்படாது, சொல்லிட்டேன்."

தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் புனிதர் என்று அந்தோனியாருக்குப் பெயர். அவருக்குப் பந்தல் போடப் போன மனிதனுக்குத் தொலைந்த பிள்ளை ஒன்று இருப்பது பகலைக்குப் பிறகு பார்க்கிற காரியம். 

துரையிடம் போனேன். கையால் எழுதுகிறேன், நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அறிவுரை வரப்போகிறது என்று அர்த்தம்.

"அது செல்லாது மிஸ். கம்ப்யூட்டர் கடுதாசி மட்டும்தான் எடுக்கணும்னு நான்தானே பொலிசுக்கு எழுதியிருக்கு. நானே அத ஒடைக்க ஏலுமா?"

"அப்ப சர்வர நிறுத்தித் திருப்பிப் போடவா?"

"ஐயோ, அதத் தொட வேணாம். நல்ல நேரம் பாத்து வெளக்குக் கொளுத்திப் போட்டது. கொழும்பு மாத்தயாகிட்ட கேளுங்க."

கொழும்பு மாத்தயா, அதாவது ஆலோசகர், கூட்டத்தில் இருந்தார். திரும்பத் திரும்ப எடுத்தேன். வெளியே வந்து பேசியபோது அவர் குரலில் அலுப்பு வழிந்தது. சர்வரில் ஒரு பூட்டு நிற்கிறது, எந்த மேசையிலிருந்து என்றும் தெரியும், அந்தத் தொடர்பை வெட்டிவிட நிர்வாகக் கடவுச்சொல்லை மட்டும் தாருங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவருக்குத் தமிழ் வந்துவிட்டது.

"அது உங்கட லெவல் இல்ல, விளங்குதா? அது லொக் பிரச்சினை இல்ல. அந்த சர்வருக்கு மெமரி பத்தாது. நான் ரிப்போர்ட்ல எழுதியிருக்கிறன். வெள்ளிக்கிழமை வந்து பாக்கிறன்."

வெள்ளிக்கிழமை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். போனை வைத்துவிட்டு வெளியே பார்த்தேன். அந்தப் பெண் வாங்கின் ஓரத்தில் அப்படியே இருந்தாள். யாரோ கொடுத்த தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் எழும்பி நிற்பாள், வந்தது தனக்கில்லை என்று கண்டதும் உட்காருவாள். அவளிடம் போய், ஒரு மனிதன் சீட்டில் லேஞ்சி போட்டுவிட்டுப் போயிருக்கிறான், அதனால் உங்கள் மகன் உள்ளே இருக்கிறான் என்று எப்படிச் சொல்வது? "மெசின் கொஞ்சம் பிழை, பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றேன்.

"மெசினுக்குச் சொகமில்லையா மிஸ்?" என்று கேட்டாள். அவள் கேலி செய்யவில்லை. எனக்குத்தான் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மூன்று ஆண்களிடம் வரிசையாக அனுமதி கேட்டு முடிய வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. துரை பகல் சாப்பாட்டுக்குக் கூடையைத் திறந்தார். நான் பெரிய கிளாக்கரின் மேசைக்குப் போனேன். வயரைப் பிடுங்கினால் சரிவராது. அப்படிச் செய்தால் ஆள் போய்விட்டது சர்வருக்குத் தெரியாது, திரும்பி வருவார் என்று பூட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஒழுங்காக விடைபெற்றுப் போகவேண்டும். மின்விசையை மெல்ல ஒரு தடவை அழுத்திவிட்டுக் கையை எடுத்தேன். அந்தோனியார் போனார், நீலத் திரை வந்தது, கணினி ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் மூடி அணைந்தது. அலுவலகத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எழும்பி நின்று பார்த்தார்கள், பிணம் தூக்குவதைப் பார்ப்பதுபோல. அடுத்த நிமிடமே என் மேசைப் பக்கம் அச்சு இயந்திரம் கிறீச்சிடத் தொடங்கியது. காலையிலிருந்து காத்திருந்த கடிதம், கணினி இலக்கத்தோடு வந்தது.

துரை சாப்பிட்டு முடித்து, வாழைப்பழம் உரித்துத் தின்று, கை கழுவித் துடைத்து, கையெழுத்துப் போட்டார். சீலை நானே குத்தினேன்.

அந்தப் பெண்ணுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது என்பதால் நானும் கூடப் போனேன். கேட்டுவிட்டுப் போகவில்லை. கேட்டது போதும் என்று இருந்தது. தம்புள்ளை பஸ்ஸில் ஏறினோம். நாலந்தை தாண்டியதும் ஒருதரம் இறக்கி நடக்கவைத்து ஏற்றினார்கள், நாவுலைக்கு அப்பால் இன்னொரு தரம். அவள் கடிதத்தை மடிக்காமல், நெஞ்சோடு அணைத்தபடி, வியர்வை படாமல் ஒரு பொலித்தீன் பையில் வைத்திருந்தாள். மகனை வைத்திருந்த இடத்தின் பெயர் இங்கே வேண்டாம். அப்படி எத்தனையோ இடங்கள் அந்த வீதியில் இருந்தன.

மேசையில் இருந்தவர் கடிதத்தை வாங்கினார். வாசிக்கவில்லை. கணினி இலக்கத்தைப் பார்க்கவுமில்லை. அடியிலிருந்த சீலை மட்டும் பார்த்துவிட்டு, கடிதத்தைத் தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் செருகினார். கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. கையால் எழுதிய கடிதம் என்றால் எடுத்திருப்பீர்களா என்று சிங்களத்தில் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துச் சிரித்தார். தோட்டத்து சீல் இருந்தால் சரிதானே மிஸ், எழுதினது கையா மெசினா என்று எங்களுக்கு என்ன என்றார். துரை எழுதிப்போட்ட கடிதத்தைப் பற்றி அவர் கேள்விப்பட்டதே இல்லை.

மகன் வெளியே வந்தான். சேர்ட்டில் பொத்தான் இல்லை. தாய் அவன் இடது பக்கம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியா? டேய், சாப்பிட்டியாடா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவன் முன்னால் பார்த்தபடி நடந்தான். பயத்தில் பேசாமல் வருகிறான் என்று நினைத்தேன். பஸ் தரிப்பிடத்தில் அவள் சுற்றிவந்து மற்றப் பக்கம் நின்று கேட்டபோதுதான் திரும்பினான்.

"அந்தக் காதுல இரைச்சலா இருக்கும்மா. ஒண்ணும் கேக்கல."

"எப்படா அடிச்சாங்க?"

"காலையில ஒண்ணும் செய்யல. சும்மாதான் குந்தவச்சிருந்தாங்க. பகலைக்குக் கொஞ்சம் முந்திதான் சிவில் உடுப்புல ரெண்டு பேரு வந்தாங்க."

பகலைக்குக் கொஞ்சம் முந்தி. காலையில் முதல் தடவை நான் விசையை அழுத்தியபோதே கடிதம் வந்திருந்தால், அந்த இரண்டு பேர் வரும்போது அவன் அவனுடைய தொங்கல் காம்பராவில் படுத்திருப்பான். அவள் அந்தக் கணக்கைப் போடவில்லை. அவளுக்கு மகன் கிடைத்தது போதும், வழி முழுக்க அந்தோனியாருக்கு நன்றி சொல்லிக்கொண்டு வந்தாள். நான் போட்டேன். அன்றிலிருந்து போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மறுநாள் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. மேலதிகாரியின் கணினியை அனுமதியின்றி அணைத்ததாம், அனுமதியின்றி வெளியே போனதாம். அதையும் கணினியில்தான் அடித்திருந்தார்கள். பெரிய கிளாக்கர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். அது ஒன்றுதான் அந்த விவகாரத்தில் எனக்குக் கிடைத்த இலாபம். வெள்ளிக்கிழமை ஆலோசகர் வந்தார், அன்னாசி தின்றார், அறிக்கை எழுதினார். சர்வரின் கொள்ளளவு போதாமையால் சில மணி நேரம் பதிலில் தாமதம் ஏற்பட்டது, தரவு இழப்பு எதுவும் இல்லை என்று அதில் இருந்தது.

அந்த அறிக்கையைப் பிடித்துக்கொண்டு புது சர்வர் ஒன்று வாங்கினார்கள். நல்ல நேரம் பார்த்து விளக்குக் கொளுத்தி, கிரிபத் என்ற பாற்சோறு வெட்டி, துரை பொத்தானை அழுத்தினார். பழைய விரிப்பும் பூச்சாடியும் புதிய தலைக்கு மாறின. பூட்டு அப்படியே இருந்தது, லேஞ்சியும் அப்படியே இருந்தது. புது சர்வர் பழையதைவிட வேகமாக எல்லோரையும் காக்கவைத்தது. ஆலோசகருக்கு எங்கள் சின்ன அலுவலகம் அலுத்துப்போய், நிரலின் மூலப் பிரதியை ஒரு இறுவட்டில் போட்டு என்னிடம் தந்துவிட்டு வேறு பெரிய வாடிக்கையாளர்களிடம் போனார். அன்று பின்னேரமே அந்தச் சில வரிகளை மாற்றினேன். திரையைத் திறந்தால் பூட்டு விழாது, சேமிக்கும் கணத்தில் அந்த ஒரு ஆளுக்கு மட்டும் விழும். பெரிய கிளாக்கரின் கணினிக்கு மட்டும் இன்னொன்று செய்தேன். அவர் திரையைத் திறந்ததும் மேல் மூலையில் சிவப்பாக ஒரு பூட்டுப் படம் வரும்படி எழுதினேன். அது வெறும் படம், எதையும் பூட்டாது.

அவர் அந்தப் படத்தை அவ்வளவு விரும்பினார். காலையில் வந்து சிவப்புப் பூட்டைக் கண்டு, தலையசைத்து, தன் வேலைக்குப் போவார். ஓய்வுபெறும் நாள்வரை முழு மாவட்டத்துத் தோட்டங்களையும் தான்தான் பிடித்துவைத்திருப்பதாக நம்பினார். அவருக்குப் பின்னால் எல்லோரும் தங்கள் பாட்டில் திருத்திக்கொண்டும் கடிதம் அடித்துக்கொண்டும் இருந்தார்கள். அலுவலகம் வேகமாகிவிட்டது என்று துரைக்கு மேலிடத்தில் பாராட்டு வந்தது, அதைப் புது சர்வரின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். பிரியாவிடைப் பேச்சில் பெரிய கிளாக்கர், நான் இருந்தவரைக்கும் ஒரு பிழை நடந்ததில்லை என்றார். கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

பிள்ளைக் காம்பரா ஆயாவின் மகன் இப்போது மாத்தளைச் சந்தையிலேயே மூட்டை இறக்குகிறான். இடது பக்கமாக லொறி பின்னோக்கி வந்தால் அவனுக்குக் கேட்காது என்று கூட்டாளிகள் தோளில் தட்டி நகர்த்துவார்கள். மரக்கறி வாங்கப் போனால் என்னைக் கண்டு சிரிப்பான். நான் அவன் வலது பக்கம் போய் நின்றுதான் பேசுகிறேன்.